செவலையின் மடி

வெள்வேல மரத்தில் கட்டியிருந்த தூளிக்குள் குழந்தை சிணுங்கியதும், காட்டின் மறுகோடியில் உதிர்ந்த வேல நெற்றுப் பொறுக்கிக்கொண்டிருந்த செவலை ஆடு தலையைத் தூக்கியது. செங்கோடன் குழந்தையை எடுத்துத் துணியில் கிடத்தி, தலையை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டான். ஆடு நடந்து வந்து பின்னங்கால்களை அகட்டி நின்றது. ஒரு காம்பில் குழந்தை, மறு காம்பில் அதன் குட்டி. வெள்ளைக்காரன் சண்டைக்கு ஆள் எடுத்த அந்த வருஷத்தில்தான் அவன் மனைவி உண்ணாமலை பிரசவத்தில் போய்ச் சேர்ந்தாள். சங்கில் புகட்டிய பாலையெல்லாம் குழந்தை கக்கியது. ஆட்டு மடியில் மட்டும் ஒட்டிக்கொண்டது. அசையும் நிழலில் எது குட்டி, எது குழந்தை என்று சில சமயம் அவனுக்கே மயங்கும்.

அன்றைக்கு வரப்பில் வள்ளியாத்தாள் வந்து நின்றாள். ஆடு அவளுடையது. வாரத்துக்கு விட்டிருந்தாள்: மேய்த்து வளர்த்தால் முதல் ஈத்துக் குட்டி அவனுக்கு, அப்புறம் தாயாடு திரும்ப அவளுக்கு. ஓட்டிப்போகக் கையில் கயிறு இருந்தது. குழந்தை ஆட்டு மடியில் குடிப்பதைப் பார்த்தபடியே நின்றாள்.

"ஏஞ்செங்கோடா, தெனமும் இப்படித்தானா?"

"ஆமாங்காத்தா. வேற வழி தெரியலீங்க."

அவள் கயிற்றைச் சுருட்டினாள். "ஆட்ட நீயே வெச்சுக்க. அதுக்குப் பதிலா குட்டிய நான் கொண்டு போறேன். பால் பூராவும் புள்ளைக்கே ஆகட்டும், சாமி."

செங்கோடன் குட்டியைப் பார்த்தான். குட்டி முட்டாமல் வெள்ளாடு பால் இறக்குமா? ஆனால் ஆட்டையே விட்டுக்கொடுக்கிறவளிடம் அதை எப்படிச் சொல்வது?

"செரிங்காத்தா."

குட்டி அவள் தோளில் கத்திக்கொண்டே வரப்பைத் தாண்டியது.

பொழுது சாயும்வரை செவலை அந்தத் திசையைப் பார்த்தே கத்தியது. ஒடித்துப் போட்ட தழையைத் தொடவில்லை. குழந்தையைக் கிட்டே கொண்டுபோனால் உதைத்தது. மடி கல்லாய் இறுகிக் கிடந்தது. பசியில் குழந்தையும் வீறிட, இரண்டு குரலும் ஒன்றாகிக் காட்டின் மேல் மிதந்தன. அவன் ஆட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டான்.

"எனக்குந்தான் ஒருத்தி போயிட்டா. நான் என்ன பண்ணட்டும், சொல்லு."

தூரத்தில் போதமலை அந்தி மஞ்சளில் கரைந்துகொண்டிருந்தது. அழுது களைத்த குழந்தை துணியில் குப்புறக் கிடந்தது. ஆடு கத்துவதை நிறுத்தியது. மெல்ல அவன் பிடியிலிருந்து நழுவி வந்தது. குட்டி பால் குடிக்கையில் தன்னுடையதுதானா என்று வாலடியை மோந்து பார்க்குமே, அதேபோலக் குழந்தையின் முதுகடியில் மூக்கை வைத்தது. விலகியது. மறுபடி மோந்தது. காம்பின் நுனியில் வெள்ளையாய் ஒரு துளி திரண்டு, விழாமல் நின்றது.