மாதா கோயில் அண்டா

போன கார்த்திகையில் அடித்த புயலுக்கு ஒரு வருஷம் நிறைகிறது என்று ஊரார் கங்கையம்மன் கோயிலில் சோறு போடுவதாக ஏற்பாடு. அதற்கு அண்டா கேட்டு ஊர்ப் பெரியதனக்காரர் சக்கரபாணியே காலனிக்குள் வந்து, மாதா கோயில் சாவி வைத்திருக்கும் சவுரியம்மாள் வாசலில் நின்றுவிட்டார். அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"அன்னிக்கு நீங்கதான எங்களுக்குக் கூழு ஊத்துனீங்க. ஞாயித்துக்கெழம காலனி மொத்தமும் வந்துடணும். ஒரே பந்தில உக்காந்து சாப்புடுவோம். எங்க அண்டாவெல்லாம் வெள்ளம் இஸ்துக்கினு போயிடுச்சு, உங்க மாதா கோயில் அண்டாவக் குடு சவுரி" என்றார்.

அவர் சொன்னதில் பொய்யில்லை. கழுவெளி ஏரி உடைத்துக்கொண்டு ஊருக்குள் பாய்ந்தபோது தண்ணீர் ஏறாத மேட்டில் இருந்தது காலனியின் மாதா கோயில் ஒன்றுதான். உப்பளத்து முதலாளி, கூலிக்காரன் எல்லாரும் அங்கேதான் ஒண்டினார்கள். சவுரியம்மாள்தான் அந்த அண்டாவில் கேப்பைக் கூழ் காய்ச்சி ஊற்றினாள். சக்கரபாணி குடித்துவிட்டு மறுபடியும் சொம்பை நீட்டினார். அவர் மனைவி காந்திமதி, சவுரியம்மாளின் பழைய புடவையைச் சுற்றிக்கொண்டு அவள் பக்கத்திலேயே படுத்துத் தூங்கினாள்.

அதற்கப்புறம் தார்ப்பாய்க்கு அடியில் குடித்தனம், உப்புப் பாத்தியில் சேறு வாரும் வேலை என்று எப்படியோ வருஷம் ஓடியது. "கூரைய பிச்சிக்கினு போனாலும் ஊர்க்காரங்க மனச திருத்திட்டுத்தான் போச்சு புயலு" என்று அவள் பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னாள். திண்டிவனம் துணிக்கடைக்கு வேலைக்குப் போகும் மருமகள் வெனிலா மட்டும் உதட்டைப் பிதுக்குவாள்.

"அவங்களாவது நம்மகூட உக்கார்றதாவது. போங்க அத்தே."

"நீ வாய மூடுடி. நான் கூட்டிக்கினு போறேன், பாரு" என்று வீம்புக்கே வீடு வீடாகப் போய் எல்லாரையும் அழைத்துவிட்டாள். வர மாட்டேன் என்றவர்களிடமும் என் பேச்சை நம்பி வாங்க என்று கெஞ்சினாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு, காய் நறுக்க ஒத்தாசையாக இருக்கட்டும் என்று வெனிலாவையும் இழுத்துக்கொண்டு முன்னாடியே போனாள். சமையல் பந்தலுக்குப் பின்னாலிருந்து புகை வந்தது. அடுப்புப் புகையில்லை, வைக்கோல் புகை. எட்டிப் பார்த்தாள்.

அண்டாவைச் சாய்த்துப் போட்டு உள்ளே வைக்கோலைக் கொளுத்தியிருந்தார்கள். காந்திமதி கோமியத்தையும் மஞ்சள் தண்ணீரையும் கலந்து மாவிலையால் தெளித்துக்கொண்டிருந்தாள். விளிம்பில் 'மாதா கோயில்' என்று வெட்டியிருந்த எழுத்தின் மேல் சந்தனத்தைக் குழைத்து அப்பியிருந்தார்கள். சவுரியம்மாள் கிட்டே போனாள். இந்த அண்டாவில் கூழ் குடித்த வாய்தானே அது! தூ!

காந்திமதி திரும்பிப் பார்த்தாள். ஒரு வெட்கமாவது வர வேண்டுமே, வரவில்லை.

"தப்பா நெனச்சுக்காத சவுரி. சாமி காரியம் பாரு, தீட்டு கழிக்காம ஒல வைக்க முடியுமா?"

"அப்ப பந்தி?"

"எதுக்கு நீங்க வெயில்ல நின்னுக்கினு? எல்லாருக்கும் பார்சல் கட்டி காலனிக்கே குடுத்து அனுப்பிடறோம்."

பார்சல்! ஊருக்கு முன்னால் நெஞ்சை நிமிர்த்தி நடந்து வரப்போகும் அத்தனை பேரையும் நினைத்தாள். தன் பேச்சை நம்பித் துவைத்த துணி உடுத்திக்கொண்டிருப்பார்கள். அவமானத்தில் காது மடல் சுட்டது.

"வெனிலா, அந்தப் பக்கம் புடி."

எரிந்த வைக்கோலை மண்ணில் கொட்டிவிட்டு இருவரும் துணியைச் சுற்றிப் பிடித்து அண்டாவைத் தூக்கினார்கள். சத்தம் கேட்டுச் சக்கரபாணி ஓடி வந்தார்.

"ஊறவச்ச அரிசிய என்னா பண்றது? நல்ல நாளும் அதுவுமா பேஜாரு பண்ணாத சவுரி!"

"அன்னிக்கு ரெண்டாந்தரம் சொம்ப நீட்டுனீங்களே ஐயா, அப்ப எந்த மாவிலையில தெளிச்சிக்கினு குடிச்சீங்க?"

காந்திமதிதான் பின்னாலிருந்து கத்தினாள். இருவரும் திரும்பவில்லை.

காலனிக் கைப்பம்பு அடியில் கொண்டுவந்து இறக்கியபோது கிளம்பத் தயாராக நின்றவர்கள் சுற்றிக் கூடிவிட்டார்கள். சவுரியம்மாள் யார் முகத்தையும் பார்க்கவில்லை. "யாரும் போவ வேணாம். இங்கியே ஒல வைக்கிறேன்" என்று மட்டும் சொன்னாள். புளியும் சாம்பலும் எடுத்து வந்து தேய்க்க உட்கார்ந்தாள். தேய்த்தாள், கழுவிக் கொட்டினாள், மறுபடியும் தேய்த்தாள். சந்தனம் கரைந்து ஓடியது, அண்டா பளபளத்தது. அப்போதும் அவள் விடவில்லை.

தண்ணீர் அடித்துக்கொண்டிருந்த வெனிலாவுக்குக் கை ஓய்ந்துவிட்டது. "போதும் அத்தே, வெளுத்துடுச்சு. இன்னும் என்னாத்துக்குத் தேய்க்கிறீங்க?"

"அவுங்க கை பட்டுடுச்சேடி" என்றாள் சவுரியம்மாள்.