சிறுத்தைத் துப்பாக்கிக்கு இரண்டு பொட்டு

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு சங்கரபாண்டியன் கண் அசந்தால் போதும், சிறுத்தை வந்துவிடும். ஐம்பது வருடத்துக்கு மேலாக அதே சிறுத்தைதான். வெயிலில் வெளுத்துக் கிடக்கும் களத்தில், காயப்போட்ட வெடிகளுக்கு நடுவே, ஒரு வெடியைக்கூட மிதிக்காமல் நிதானமாக நடந்து வரும். அப்பா துப்பாக்கியைத் தோளுக்கு ஏற்றுவார். டமார் என்று ஒரு சத்தம். குழலின் வாயில் வெள்ளைப் புகை. புகை கலைவதற்குள் அவருக்கு விழிப்பு வந்துவிடும். சிவகாசியில் இரண்டு பட்டாசுக் கம்பெனிக்கு முதலாளி, வயது அறுபது, அந்தச் சிறுத்தை கடைசியில் என்ன ஆனது என்று கனவில்கூடப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லையே என்பது அவருடைய நெடுநாள் குறை.

கனவு கிடக்கட்டும். துப்பாக்கி நிஜம். வீட்டின் முன்னறையில், கண்ணாடிக் கதவு போட்ட தேக்கு அலமாரிக்குள் மூன்று துப்பாக்கிகள் சங்கிலி போட்டு நின்றன. வீட்டுக்கு யார் வந்தாலும் காப்பி ஆறிப்போனாலும் பரவாயில்லை, மூன்றின் கதையையும் கேட்காமல் தப்பிக்க முடியாது.

முதலாவது இரட்டைக்குழல். மலை எஸ்டேட்டில் இருந்த வெள்ளைக்காரர் ஒருவர் கப்பலேறுவதற்கு முன்னால் அப்பாவிடம் விற்றது. விற்ற மறுநாள் மனசு கேட்காமல் திரும்பி வந்தாராம். துப்பாக்கியைத் திருப்பிக் கேட்கவில்லை. அதன் பக்கத்தில் அரைமணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டுப் போனாராம். இரண்டாவது ரைஃபிள், சங்கரபாண்டியனுக்கு மாமனார் கொடுத்தது. ஐந்து தேங்காயைக் குறிவைத்து இரண்டைத் தவறவிட்டதோடு அதன் வீர வரலாறு முடிந்துவிட்டது.

மூன்றாவதற்கு வரும்போது அவருடைய குரல் இறங்கும். அது பழைய ரகம், ஒற்றைக்குழல், வாய் வழியாக மருந்தைக் கெட்டித்துச் சுடுவது. மழை பொய்த்த ஒரு வருடம் தண்ணீர் தேடி மலையிலிருந்து இறங்கிய சிறுத்தை, மேற்கே இருந்த இவர்கள் களத்துக்குள் வந்துவிட்டது. வேலைக்கு வந்த பெண்கள் சிதறி ஓடினார்கள். வேலியோரத்து வேம்பில் தொங்கிய தூளியில் ஆறுமாதப் பெண்குழந்தை ஒன்று தூங்கிக்கொண்டிருந்தது. அப்பா காரிலிருந்து இந்தத் துப்பாக்கியோடு இறங்கினார். ஒரே வெடி. அடிபட்ட சிறுத்தை மலைக்கு ஓடிச் செத்தது. "நான் கார்லதான் இருந்தேன். ஏழு வயசு. அந்தப் புகைய இந்தக் கண்ணால பாத்தேன்" என்று முடிப்பார். மறுவருடம் அப்பா புகை கக்கும் துப்பாக்கியோடு நிற்கும் படம் காலண்டராக வந்து கடை கடையாகத் தொங்கியது. அதைப் பார்த்துவிட்டு ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்து, இதற்கு லைசென்ஸ் எங்கே என்று கேட்டதும், அப்பா அலையாய் அலைந்து லைசென்ஸ் வாங்கியதும் கதையின் வால்.

தூளியில் தூங்கிய குழந்தைதான் குருவம்மாள். இப்போது ஐம்பத்துமூன்று வயது. இவர் கம்பெனியில் பெட்டி அடைக்கும் பிரிவில் இருக்கிறாள். 'சிறுத்தைக்குத் தப்புன பிள்ளை' என்பதுதான் ஊரில் அவளுக்குப் பெயர். அவளுக்கு மாப்பிள்ளை பார்த்தபோதுகூட அதைச் சொல்லித்தான் பேச்சை ஆரம்பித்தார்களாம். வருடா வருடம் ஆயுத பூஜைக்குக் குளித்து முழுகி வருவாள். மற்ற இரண்டு துப்பாக்கிக்கும் ஆளுக்கொரு சந்தனப் பொட்டு. சிறுத்தைத் துப்பாக்கிக்கு மட்டும் இரண்டு, அடிக்கட்டையில் ஒன்று, குழலில் ஒன்று. ஏன் என்று யாரும் கேட்டதில்லை. அவள் உயிர் அவளுக்குப் பெரிசு, வைத்துவிட்டுப் போகட்டும்.

இப்படி இருக்கையில்தான் சட்டம் மாறியது. ஒருவர் பெயரில் இரண்டு துப்பாக்கிக்கு மேல் கூடாது, மிச்சத்தை டிசம்பருக்குள் ஒப்படைக்க வேண்டும். சங்கரபாண்டியன் இரண்டு நாள் அலமாரியைச் சுற்றிச் சுற்றி வந்தார். பிறகு ரைஃபிளைக் கொடுத்துவிடலாம் என்று முடிவுக்கு வந்தார்.

"எங்கப்பா குடுத்தது மட்டும் உங்க கண்ண உறுத்துதாக்கும்" என்றாள் அவர் மனைவி பத்திரகாளி.

"அப்படியில்ல. அதுக்குக் கதை இல்லேல்ல."

"கதை இல்லாட்டி என்ன? எங்கப்பா அத ஒங்க கையில குடுக்கையில அழுதாக. அம்புட்டுப் பிரியமா வச்சிருந்தாக. அது கதை இல்லையாக்கும்?"

ஆனாலும் சிறுத்தைத் துப்பாக்கியைப் பிரிய முடியுமா? அதை எண்ணெய் போட்டுத் துடைத்து, நல்ல நிலையில் இருப்பதாகச் சான்று வாங்கிவிடலாம் என்று, லைசென்ஸும் துணி உறையுமாக மதுரையில் ஒரு துப்பாக்கிக் கடைக்குக் கொண்டுபோனார்.

கடைக்காரர் முனியராஜ் மெலிந்த மனிதர். துப்பாக்கியை மடியில் போட்டு, நோயாளியின் நாடியைப் பார்க்கிற மாதிரி வெகுநேரம் தடவிப் பார்த்தார். கம்பியை உள்ளே விட்டார், எடுத்தார். டார்ச் அடித்துப் பார்த்தார்.

"அண்ணாச்சி, இதுல கடைசியா எப்பச் சுட்டீக?"

"எங்கப்பா காலத்துல. சிறுத்தைய."

முனியராஜ் முகக்கவசத்தை இறக்கிவிட்டு அவரை ஒருதரம் பார்த்தார். "தப்பா நெனைக்காதீக. சுத்தியல் இங்கன அடிக்கும். நெருப்பு இந்தக் காம்பு வழியா குழலுக்குள்ள போகணும். இதுல ஓட்டையே இல்ல."

"துரு அடைச்சிருக்கும்."

"அடைக்கிறதுக்கு மொதல்ல ஓட்டைன்னு ஒண்ணு வேணும்லா. போடவே இல்ல. இது செஞ்ச நாள்ல இருந்தே சுடாது. நாடகத்துக்கோ படம் பிடிக்கவோ செஞ்சிருப்பாக." பிறகு நல்ல சேதி சொல்கிறவர் போலச் சிரித்தார். "ஒரு வகையில நல்லதாப் போச்சு. இது ஆயுதமே இல்லன்னு நான் சான்று தாரேன். இது எப்படி லைசென்ஸ்ல ஏறுச்சுன்னு நீங்க ஒரு கடுதாசி எழுதிச் சேத்துக் குடுத்துருங்க. கணக்குல ரெண்டுதான் வரும். மூணும் வீட்டுலயே இருக்கும்."

சங்கரபாண்டியன் சான்றை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு காருக்கு வந்தார். டிரைவர் பால்பாண்டியிடம் சுற்றுப்பாதையில் போகச் சொன்னார். காரியாபட்டி வந்தது, மல்லாங்கிணறு வந்தது. மானாவாரிக் காட்டில் வெயில் தண்ணீர் மாதிரி அலையடித்தது. அந்த அலைக்குள் அப்பா நின்றார், துப்பாக்கியை ஏற்றினார், புகை எழுந்தது. அந்தப் புகையை நான் பார்த்தேனே! ஓட்டை இல்லாத துப்பாக்கியில் புகை எங்கிருந்து வந்தது?

சிவகாசியில் நேராக முகம்மது நூகுவின் அச்சகத்துக்குப் போனார். நூகு அவரோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்தவர். அந்தக் காலண்டரை அச்சடித்தது நூகுவின் அப்பா. நூகு பரணிலிருந்து பழைய காகிதக் கட்டு ஒன்றை இறக்கி, ஒரு புகைப்படத்தை உருவி மேஜையில் வைத்தார். அப்பா நிற்கிறார், துப்பாக்கி இருக்கிறது, புகை இல்லை.

"புகை எங்கலே?"

"அது எங்கத்தா ஆர்ட்டிஸ்ட்டுகிட்டச் சொல்லி வரைஞ்சது. துப்பாக்கியே எங்களோடதுதான்லே. காலண்டர்ல வேட்டைக்காரன் படம் போடணும்னு எங்கத்தா செஞ்சாக. அது ஒங்க வீட்டுல கெடந்துச்சு. அன்னைக்கு அதை எடுத்துக்கிட்டு, படம் பிடிக்க ஒங்கப்பா இங்கனதான் வந்துக்கிட்டிருந்தாக. வழியில களத்துல இறங்குனாக."

"அப்ப நீ தெரிஞ்சேதான் இம்புட்டு நாளும்..."

"கதை சொல்லையில ஒன் மூஞ்சியப் பாத்தா யாருக்குலே உண்மையச் சொல்ல மனசு வரும்?"

"சத்தம் கேட்டுச்சே. ஊரே கேட்டுச்சே."

"கேட்டுச்சு. அது எப்படின்னு எங்கத்தாவுக்கும் தெரியாது" என்றார் நூகு.

அன்று முதல் மத்தியானத்தில் சிறுத்தை வரவில்லை. களம் மட்டும் வந்தது, வெறுங்களம். அவருக்கு அப்பாமேல் கோபம் வந்தது. புகை பொய். துப்பாக்கி பொய். சிறுத்தையாவது வந்ததா? வரவில்லை என்றால் குருவம்மாளுக்கு என்ன மிஞ்சும்? ஐம்பத்துமூன்று வருடமாக அந்த ஒரு கதையைக் கழுத்தில் தாலி மாதிரி போட்டுக்கொண்டு நடக்கிறவள் அவள். கடுதாசி எழுதிக் கொடுத்தால் நாளைக்கே ஊர் சிரிக்கும். எழுதாமல் விட்டால், அழுதுகொண்டு கொடுத்த மாமனாரின் நிஜத் துப்பாக்கியை ஒப்படைத்துவிட்டு, ஒரு பொம்மையைக் கும்பிட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். முனியராஜின் சான்றைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு அலைந்தார்.

ஆயுத பூஜையும் வந்தது. கம்பெனிப் பூஜை முடித்து, பொரியும் கடலையும் கொடுத்து ஆட்களை வேனில் அனுப்பிவிட்டு வீட்டுக்கு வந்தால், குருவம்மாள் சந்தனக் கிண்ணத்தோடு முன்னறையில் நிற்கிறாள். பத்திரகாளி அலமாரியைத் திறந்துவிட்டிருந்தாள். இரட்டைக்குழலுக்கு ஒரு பொட்டு. ரைஃபிளுக்கு ஒரு பொட்டு. மூன்றாவதற்கு விரல் நீண்டபோது சங்கரபாண்டியனால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

"வேண்டாம் குருவம்மா."

அவள் திரும்பினாள்.

"அது சுடாது. என்னைக்குமே சுட்டதில்ல. ஓட்டையே கெடையாது. மதுரையில பாத்துச் சொல்லிட்டாக. எங்கப்பா பொய் சொல்லியிருக்காக. ஒன்னைய இத்தன வருசம் ஏமாத்திப்புட்டோம்." நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

குருவம்மாள் அதிரவில்லை. கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "அது எனக்குத் தெரியும் மொதலாளி" என்றாள்.

பத்திரகாளி சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு இரண்டடி முன்னால் வந்தாள்.

"சிறுத்தை வந்தது நெசம். தூளிக்குப் பத்தடியில வந்து நின்னுச்சாம். பெரிய மொதலாளி ஓடியாந்து நடுவுல நின்னு துப்பாக்கிய நீட்டுனாக. சுடல. எங்காத்தா இருளாயி பாத்துக்கிட்டே நிக்கா, ஏன் சுட மாட்டேங்காக, ஏன் சுட மாட்டேங்காகன்னு. அதுவும் நகரல, இவுகளும் நகரல. ஆத்தாவுக்குப் பொறுக்கல. வேலிக்கு வெளிய கஞ்சி காய்ச்சுற அடுப்புல இருந்து கொள்ளிய உருவிக்கிட்டுக் களத்துக்குள்ள ஓடியாந்துட்டா."

சங்கரபாண்டியன் நிமிர்ந்தார். களத்துக்குள் நெருப்பா! இந்த ஊரில் கொலைகாரனுக்குக்கூட மன்னிப்பு உண்டு. இடுப்பில் ஒரு தீப்பெட்டி இருந்தாலே அன்றைக்கே வேலை போய்விடும், பிறகு எந்தக் கம்பெனி வேனும் அந்த ஆளை ஏற்றாது. காய்கிற வெடிக்கு நடுவே கொள்ளியோடு ஓடுவதை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

"ஒரு வெடிய எடுத்துப் பத்தவச்சு வெட்டவெளியில எறிஞ்சா. அந்தச் சத்தந்தான் ஊரே கேட்டது. சிறுத்தை வேலியத் தாண்டிப் போயிருச்சு. அடிபடவும் இல்ல, சாகவும் இல்ல. போர்மேன் சத்தம் கேட்டு ஓடியாந்து, எவன்லே நெருப்பக் கொண்டாந்ததுன்னு கத்துதாரு. ஆத்தா கையில கொள்ளி. அவரு கிட்ட வாறதுக்குள்ள பெரிய மொதலாளி அதப் பிடுங்கி மண்ணுல போட்டு மிதிச்சுக்கிட்டு, நாந்தான்யா சுட்டேன்னு துப்பாக்கியத் தூக்கிக் காட்டுனாக."

தெருவில் யாரோ ஒரு சரவெடியைக் கொளுத்தினார்கள், அது பொரிந்து முடிந்தது.

"பெறகு காலண்டர் போட்டாக. போலீசு வந்துச்சு. பொம்மைத் துப்பாக்கின்னு ஒரு வார்த்தை சொன்னா விட்ருப்பாக. சொன்னா, அப்பச் சத்தம் ஏதுன்னு கேப்பாகல்ல? அதான் லைசென்ஸ் எடுத்தாக. ஆத்தா சாகுற வரைக்கும் அதே களத்துலதான் வேல பாத்தா. எங்க நாலு பேரயும் அந்த வேலையிலதான் வளத்தா. ஒருநா அவுககிட்டயே கேட்டாளாம், ஏன்யா சுடலன்னு. இது சுடாது தாயின்னு சிரிச்சாகளாம்."

"சுடாதுன்னு தெரிஞ்சா நின்னாக?" என்றார் சங்கரபாண்டியன்.

"தெரிஞ்சுதான். பெறகு எதுக்கு நான் வருசம் தவறாம வாறேன்? ஒரு பொட்டு அவுகளுக்கு. ஒண்ணு எங்காத்தாவுக்கு."

அறுபது வயது மனிதர் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதார். பத்திரகாளி பக்கத்தில் வந்து தோளில் கை வைத்தாள். அழுது முடித்ததும் சட்டைப்பையிலிருந்த சான்றை எடுத்துக் காட்டி விஷயத்தைச் சொன்னார். கடுதாசி எழுத வேண்டும். எழுதினால் எல்லாம் எழுத வேண்டிவரும். கொள்ளி, களம், இருளாயி பெயர். "எழுதவா குருவம்மா? நீ வேண்டாம்னா எழுதல."

குருவம்மாள் சந்தனத்தைக் குழைத்து அடிக்கட்டையில் ஒரு பொட்டு வைத்தாள், குழலில் ஒரு பொட்டு வைத்தாள். சற்றுத் தள்ளி நின்று இரண்டும் நேராக இருக்கிறதா என்று பார்த்தாள்.

"எழுதுங்க மொதலாளி. ஆத்தா போயி இருவது வருசமாச்சு. இனி அவள எந்தக் கம்பெனியில இருந்து நிப்பாட்டப் போறாக?"

அவர் அன்றைக்கே எழுதினார். இருளாயி என்ற பெயரை எழுதும்போது மட்டும் பேனாவை எடுத்து, மையைச் சரிபார்த்து, அழுத்தி எழுதினார்.

மறுநாள் மத்தியானம் சிறுத்தை வந்தது. அப்பா துப்பாக்கியை நீட்டிக்கொண்டு நின்றார், புகை வரவில்லை. அவர் ஓரடிகூடப் பின்வாங்காததை சங்கரபாண்டியன் முதல்முறையாகப் பார்த்தார். அப்பாவுக்குப் பின்னால், வேலியைத் தாண்டி, எரிகிற கொள்ளியோடு ஒரு பெண் ஓடி வந்தாள், ஒரு வெடியைக்கூட மிதிக்காமல். சத்தம் கேட்டது. சிறுத்தை திரும்பி, வெயிலுக்குள் இறங்கி, மலைப்பக்கம் போயிற்று. அது புள்ளியாகி மறைகிறவரை அவருக்கு விழிப்பு வரவில்லை.