ஐம்பத்திரண்டு நிமிடங்கள்

ரிம்மா இரண்டாவது தட்டு ப்ளினி அப்பங்களைக் கொண்டுவந்து வைத்தபோது, ஷபுனின் சாலட்டிலிருந்து பட்டாணிகளைப் பொறுக்கி மேஜை விரிப்பின்மேல் அடுக்கிக்கொண்டிருந்தார். சிவப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட பிளாஸ்டிக் விரிப்பு. பட்டாணி எல்லாம் சிப்பாய்கள். ஒரு பீட்ரூட் துண்டு ராணி. விரலில் ஒட்டியிருந்த மயோனைஸை நக்கிவிட்டு, அதே ஈர விரலால் ராணியை முன்னே தள்ளினார்.

"இங்க பாருங்க. ராணி உள்ள புகுந்து ரெண்டு சிப்பாயைத் தின்னாச்சு. எல்லாரும் இதுக்கு மேல ராணியைப் பின்னால இழுப்பாங்க. நம்ம வெனியமின் என்ன சொன்னார்? ராணி கிடக்கட்டும், ஓரத்துச் சிப்பாயை ஓட்டுன்னார். ரெண்டு கட்டம். யாருக்காவது தோணுமா இது?"

பக்கத்தில் இருந்த அர்சேனி பாவ்லொவிச் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆலையில் அப்பாவோடு வேலை பார்த்த நான்கைந்து பேர் மென்றுகொண்டிருந்தார்கள்.

அப்பாவைப் புதைத்துவிட்டு வந்து இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. இந்த மனிதரின் பூட்ஸில் கல்லறைச் சேறு இன்னும் காயவில்லை. அதைக் கழற்றக்கூட இல்லாமல் உள்ளே வந்து, நேற்று ரிம்மா முட்டி போட்டுத் துடைத்த தரையெல்லாம் அப்பிவைத்திருந்தார். முகவாயில் வெங்காயத் துணுக்கு ஒன்று ஒட்டிக்கொண்டு, அவர் பேசப் பேச ஆடியது.

இருபத்திரண்டு வருடமாக வியாழன்தோறும் இந்த அறையில்தான் கூட்டம். மூன்று பேர்: அப்பா வெனியமின் லுக்கிச், சதுரங்க அணித் தலைவர் ஷபுனின், வரைபட வேலையிலிருந்து ஓய்வுபெற்ற அர்சேனி. ஒரு குளிர்காலம் முழுக்க ஒரே ஒரு ஆட்டத் தொடக்கத்தை எடுத்துக்கொள்வார்கள். அதில் கிளை, கிளைக்குள் கிளை, அதற்குள் இன்னொரு கிளை. இந்தக் குளிர்காலத்துக்குப் பிரெஞ்சுத் தற்காப்பு. ரிம்மா இந்த வீட்டில் முப்பது வயதுவரை வளர்ந்ததே அந்தக் கிளைகளின் நிழலில்தான். அம்மா போனபோதுகூட அப்பா ஒரு வியாழனைத்தான் விட்டார்.

அவர்களுக்கு ஒரு சட்டம் உண்டு. ஒருவர் நெற்றியில் கைவைத்துக் குனிந்துவிட்டால் அவர் 'உள்ளே போய்விட்டார்' என்று அர்த்தம். அவராகக் கையை எடுக்கும்வரை யாரும் பேசக் கூடாது, தொடக் கூடாது, நாற்காலியை நகர்த்தக் கூடாது. அர்சேனி மட்டும் கடிகாரத்தைப் பார்த்து நோட்டில் நேரத்தைக் குறித்துக்கொள்வார். ஒன்பது வயதில் ரிம்மா அப்படி ஒரு நேரத்தில் உள்ளே ஓடி, "அப்பா, பென்சில் எங்க?" என்று கேட்டுவிட்டாள். அப்பா அடிக்கவில்லை. ஏழு நாள் அவளோடு பேசவில்லை. அதற்குப் பிறகு அவளுக்கு யாரும் எதையும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

வியாழக்கிழமை அப்பா உள்ளே போனார். திரும்பி வரவில்லை.

ஆம்புலன்சில் வந்த டாக்டர் சின்னப் பெண். அப்பாவின் தாடையைத் தொட்டுப் பார்த்தாள், விரல்களை மடக்கிப் பார்த்தாள்.

"எப்ப ஆச்சு?"

"இப்பத்தான்மா," என்றார் ஷபுனின். "எங்க கண்ணு முன்னாடி. சட்டுனு சாய்ஞ்சுட்டார்."

"இப்பத்தானா?" அவள் ஷபுனினை ஒருமுறை பார்த்தாள். பிறகு காகிதத்தில் எழுதிக்கொண்டே, யாருக்கும் சொல்லாததுபோல், "மூளையில ரத்தக் கசிவு. சீக்கிரம் கூப்பிட்டிருந்தா ஒரு வாய்ப்பாவது இருந்திருக்கும்," என்றாள்.

அன்றிலிருந்து ரிம்மாவின் தலைக்குள் ஒரே கேள்வி. எவ்வளவு நேரம்? எவ்வளவு நேரம் இந்த இரண்டு கிழவர்களும் எதிரே உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள்?

பதில் நோட்டில் இருக்கும். அர்சேனி எழுதாமல் விடுகிற ஆள் இல்லை. அப்பாவை மேஜையிலிருந்து தூக்கிக் கட்டிலில் கிடத்திய குழப்பத்தில் ரிம்மா காய்களையும் பலகையையும் நோட்டையும் அள்ளி அலமாரியில் போட்டுப் பூட்டிவிட்டாள். மேஜையில் இருந்த தேநீர்க் குவளையை யாரோ ஜன்னலோரம் ஒதுக்கிவைத்தார்கள். மறுநாள் காலையிலேயே வீட்டு நடையில் இருந்த பொதுத் தொலைபேசி அடித்தது. ஷபுனின்.

"தாங்க முடியல கண்ணு, ராத்திரி பூரா தூக்கம் இல்ல. அண்ணன் மாதிரி எனக்கு... அப்புறம், அந்த நோட்டு பத்திரமா இருக்கில்ல? ஞாயித்துக்கிழமை துறைமுக அணியோட ஆட்டம். அவங்க பிரெஞ்சுதான் ஆடுவாங்க."

அவள் ரிசீவரை வைத்துவிட்டாள். இன்று கல்லறையில், சவப்பெட்டிமேல் அவள் ஒரு பிடி மண்ணைப் போட்டு நிமிர்ந்தபோது, காதருகே அர்சேனியின் குரல். "ரிம்மா, அந்த நோட்டை நீ பிரிக்க வேண்டாம். எங்கிட்ட குடுத்துடு." மண் ஒட்டிய கையோடு அவள் அந்த மனிதரைப் பார்த்தாள். இவரைக் கொஞ்சம் மேலானவர் என்று நினைத்திருந்தாள். அந்த நினைப்பும் குழிக்குள் போனது.

இரண்டு நாளில் இரண்டு முறை அலமாரியைத் திறந்து நோட்டைக் கையில் எடுத்தாள். இரண்டு முறையும் பிரிக்காமல் வைத்துவிட்டாள். நேரமில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பிணவறை, சான்றிதழ், சவப்பெட்டி என்று நிஜமாகவே நேரமில்லைதான்.

"ரிம்மாக் கண்ணு," என்று ஷபுனின் இப்போது மேஜையிலிருந்தே கூப்பிட்டார். "பதிமூணாவது நகர்த்தலுக்கு அப்புறம் என்னன்னு ஞாபகம் வரமாட்டேங்குது. நோட்டு இருந்தா ஒரு நிமிஷம்..."

"சாப்பிடுங்க," என்றாள் ரிம்மா.

"சாப்பிடறேன், சாப்பிடறேன். அவர் பேரைச் சொல்லி ஜெயிக்கத்தானே கேக்கறேன். அவர் ஆத்மா சந்தோஷப்படும்."

மேஜையின் தலைமாட்டில் அப்பாவின் படம். அதன் முன்னால் இறந்தவருக்கென்று ஒரு கண்ணாடிக் குவளையில் வோட்கா ஊற்றி, மேலே ஒரு துண்டுக் கறுப்பு ரொட்டி மூடி வைத்திருந்தது. நாற்பது நாள் அது அங்கேயே இருக்க வேண்டும். ஷபுனின் பட்டாணிகளை விட்டுக் கண்ணை எடுக்காமல், "யானையை இப்படித் திருப்பினா... மந்திரி அடிபடும்... அடிபடட்டும்..." என்று முணுமுணுத்தபடி கையை நீட்டினார். கை துழாவியது. குவளைமேலிருந்த ரொட்டியை எடுத்தது. வாய்க்குள் போட்டு மென்றது.

"ஐயோ, பாவி!" என்று கத்தினாள் கிளாவ்தியா. பக்கத்து அறைக்காரி. பல குடும்பங்கள் ஒரே சமையலறையைப் பகிர்ந்துகொள்ளும் இந்தப் பொதுக் குடியிருப்பில் வியாழன் மாலை என்றும் பார்க்காமல் சமையலறையில் பாத்திரத்தைப் போட்டு உருட்டுகிற ஒரே ஆள். அதனாலேயே அப்பாவுக்கு அவளைக் கண்டால் ஆகாது. "செத்தவன் ரொட்டிடா அது! துப்புடா!"

ஷபுனின் மெல்லுவதை நிறுத்தினார். வாய் பாதி திறந்திருந்தது. உள்ளே கறுப்பாக ரொட்டிக் கூழ். துப்புவதா விழுங்குவதா என்று ஒரு கணம் யோசித்து, விழுங்கிவிட்டார்.

"கவனிக்கலை," என்றார். "மன்னிச்சுக்க கண்ணு. யோசனையில..."

ரிம்மாவுக்குள் இரண்டு நாளாகக் கட்டிவைத்திருந்தது அறுந்தது. அருவருப்பில் அவள் உதடே கோணிக்கொண்டது.

"யோசனையிலா? வியாழக்கிழமையும் யோசனையிலதானே இருந்தீங்க ரெண்டு பேரும்? நோட்டு வேணுமா? குடுக்கிறேன். எல்லாரும் கேளுங்க. எங்கப்பா எவ்வளவு நேரம் செத்துக்கிட்டிருந்தார், இவங்க எவ்வளவு நேரம் பார்த்துக்கிட்டிருந்தாங்கன்னு நானே படிச்சுக் காட்டறேன்."

அலமாரிச் சாவி அவள் ஏப்ரன் பையில் இருந்தது. அர்சேனி எழுந்து நின்றார். ஒல்லியான மனிதர், எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. இருபத்திரண்டு வருடத்தில் அவர் இந்த அறையில் எழுப்பிய பெரிய சத்தம் அதுதான்.

"வேண்டாம் ரிம்மா."

"ஏன்? கூசுதா?"

"படிக்காதே. சொன்னாக் கேளு. எங்கிட்ட குடு."

அவள் நோட்டைப் பிரித்தாள். கட்டம் போட்ட தாள், அச்சடித்தது மாதிரி எழுத்து. ஒவ்வொரு கிளைக்கும் ஒரு எண், பக்கத்தில் சொன்னவர் பெயர். கடைசிப் பக்கத்தைத் தேட வேண்டியிருக்கவில்லை. பக்க அடையாளக் கயிறு அங்கேயே இருந்தது.

"ஆறு அஞ்சு," என்று உரக்கப் படித்தாள். "வெனியமின் லுக்கிச், ஓரச் சிப்பாய் ரெண்டு கட்டம் என்றார். பிறகு உள்ளே போனார்."

நிமிர்ந்து பார்த்தாள். ஷபுனின் தலையைக் குனிந்துகொண்டார். நன்றாக வேண்டும் என்று இருந்தது அவளுக்கு. அடுத்த வரிக்கு விரலை நகர்த்தினாள்.

"ஆறு இருபது..."

விரல் நின்றது.

*6.20. ரிம்மா தேநீர் கொண்டுவந்தாள். அப்பாவைப் பார்த்தாள். பேசவில்லை. நல்ல பெண்.*

ஆமாம், பார்த்தாள். குவளையை அவர் முழங்கைப் பக்கம் வைக்கும்போது நன்றாகவே பார்த்தாள். கைக்குக் கீழே இடது கன்னம் ஈரத் துணி மாதிரித் தொங்கியது. உதட்டோரத்திலிருந்து எச்சில் ஒரு இழையாக இறங்கி ஸ்வெட்டரில் ஊறியிருந்தது. சீ, என்று தோன்றியது அவளுக்கு. வயசாகிவிட்டது, வாய் ஒழுகுவதுகூடத் தெரியவில்லை, இந்த ஸ்வெட்டரையும் நான்தான் துவைக்க வேண்டும் என்று தோன்றியது. துடைத்துவிடலாமா என்றும் ஒரு கணம் தோன்றியது. துடைத்தால் தொட வேண்டும். தொட்டால் ஏழு நாள். குதிகால் தரையில் படாமல் நடந்து வெளியே போய், கதவுக் குமிழைத் திருப்பிப் பிடித்தபடி, பூட்டின் நாக்கு சொடுக்காமல் சாத்தினாள். பிறகு சமையலறையில் தன் மூலையில் உட்கார்ந்து ரேடியோவைச் சன்னமாக வைத்துக் கேட்டாள். நல்ல நிகழ்ச்சி. அதைக்கூட மறக்கவில்லை.

அறையில் யாரும் பேசவில்லை. நாற்காலியை நகர்த்தவில்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

"அப்புறம் என்னடி?" என்றாள் கிளாவ்தியா. "படியேன்."

அடுத்த வரியில் அவள் தேடியது இருந்தது. *6.57. ஐம்பத்திரண்டு நிமிடம் தாண்டியது. அறுபத்தொன்பதாம் வருடத்தில் வெ.லு. வைத்த சாதனையை அவரே முறியடித்தார். ஷபுனின் மகிழ்ச்சியில் என் கையைக் குலுக்கினார்.* அதற்குக் கீழே, அந்த அழகான எழுத்து முதல்முறையாகக் கோணி, *7.10. கை விழுந்தது.*

கை குலுக்கினார்களாம். பிணத்துக்கு எதிரே உட்கார்ந்து. அந்த வரி ஒன்று போதும், இந்த மேஜையிலிருந்து இரண்டு பேரையும் காறித் துப்பி விரட்டலாம். ஊரெல்லாம் துப்பும். படிக்க வாயைத் திறந்தாள். ஆனால் ஆறு அஞ்சுக்கும் ஆறு ஐம்பத்தேழுக்கும் நடுவில் அவளைப் பற்றிய வரி இருந்தது. 'ஆறு இருபது' என்று எல்லார் காதிலும் விழச் சொல்லியும் ஆகிவிட்டது.

"ஆட்டம்தான்," என்றாள். "எனக்குப் புரியலை."

நோட்டை மூடி அர்சேனியிடம் நீட்டினாள். அவர் அதை வாங்கிக்கொண்டு கிட்டே வந்தார். அவருடைய கோட்டில் நாப்தலின் வாடை.

"ஆட்டத்துக்காகக் கேக்கலைம்மா," என்றார், அவளுக்கு மட்டும் கேட்கிறமாதிரி. "அந்த ஒரு தாளைக் கிழிச்சிடலாம்னுதான். இப்பவும் கிழிச்சிடறேன்."

"கிழிக்காதீங்க மாமா. இருக்கட்டும்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடித்தும் மாட்டிக்கொள்ளவில்லை.

"கிடைச்சுதா? குடு, குடு," என்று ஷபுனின் அந்தப் பக்கமிருந்து கையை நீட்டினார். நோட்டை வாங்கிப் பிரித்து, பட்டாணிகளுக்குப் பக்கத்தில் வைத்து, விரலை ஓட்டினார். அவர் முகம் மலர்ந்தது. "குதிரையை எடுத்திருக்கணும்! பார்த்தியா, நான் யானைன்னுல்ல நினைச்சேன்!" கிளாவ்தியா அவருடைய தொப்பியை எடுத்துவந்து அந்த வழுக்கைத் தலையில் அழுத்திக் கவிழ்த்து, "எந்திரிடா," என்றாள்.

ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். நடையில் காலோசைகள் அடங்கின. அர்சேனி கடைசியாகப் போனார். விழுந்த நாற்காலியை நிமிர்த்தி வைத்துவிட்டுப் போனார்.

ரிம்மா அப்பாவின் இடத்தில் உட்கார்ந்தாள். விரிப்பில் பட்டாணிகள் அப்படியே இருந்தன. பீட்ரூட் துண்டைச் சுற்றிச் சிவப்பாகத் தண்ணீர் கசிந்திருந்தது. அவள் நெற்றியில் கையை ஊன்றிக் குனிந்துகொண்டாள்.

கிளாவ்தியா தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகத் தடால் தடாலென்று அடுக்கினாள். பட்டாணிகளை ஒரே இழுப்பில் கையால் வழித்து எச்சில் தட்டில் தள்ளினாள். போகிறபோக்கில் ரிம்மாவின் தோளில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

"ஏய், என்ன பண்ணுது? தலை சுத்துதா? நிமிர்ந்து என்னைப் பாரு. பாருங்கறேன்!"

ரிம்மா நிமிர்ந்து பார்த்தாள். கிளாவ்தியா அவள் முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, திருப்தியாகி, ஜன்னல் பக்கம் போனாள். திரைக்குப் பின்னால் இருந்து ஒரு கண்ணாடிக் குவளையை எடுத்தாள். விளிம்புவரை தேநீர். மேலே சாம்பல் நிறத்தில் ஆடை கட்டி, அதில் எலுமிச்சைத் துண்டு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. மோந்து பார்த்து முகத்தைச் சுளித்தாள்.

"சீ. எத்தனை நாளா கிடக்குது இது? ஒரு வாய்கூடக் குடிக்கலையே. யாரு வச்சது?"

"நான்தான்," என்றாள் ரிம்மா.

கிளாவ்தியா அதை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. ரொம்ப நேரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.