பின்னால் யாரும் நிற்க வேண்டாம்

சுரைக்குடுவை சின்னதாக இருக்க வேண்டும். வாய் அகன்றிருந்தால் இரண்டு பேர் தலை முட்டாமலே குடித்துவிடலாம். பிறகு சடங்கு எதற்கு? ஓபுட் மரத்தின் கசப்பு வேரை இடித்துக் கள்ளில் கலந்து ஊற்றுவார்கள். கொன்றவனும் செத்தவனின் உறவும் எதிரெதிரே மண்டியிட்டு, கைகளை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, பகை தீர ஒரே நேரத்தில் குனிந்து உறிஞ்ச வேண்டும். கையில் ஆயுதம் இல்லை என்று ஊருக்குத் தெரிய வேண்டும் அல்லவா, அதற்குத்தான் கைகள் பின்னால். அவரவர் வம்சம் அவரவர் முதுகுக்குப் பின்னால் நிற்கும். அது பக்கபலம்.

அர்யெமோ சிறுமியாக இருந்தபோதே இதைப் பார்த்திருக்கிறாள். இன்று குடிக்க வேண்டியவள் அவளே.

குடிக்காமலும் இருக்க முடியாது. இரண்டு வம்சங்களுக்கு நடுவே ஒரு சாவு கிடக்கும்வரை, ஒருவர் வீட்டுச் சோற்றை மற்றவர் தொட்டால் நோய் வரும். போர் முடிந்து அகதி முகாமிலிருந்து ஊர் திரும்பியபின் அவள் மகள் லமாரோ ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கும் எதிர் வம்சத்துப் பிள்ளைகளோடுதான் விளையாடுகிறாள். அங்கே எதை வாயில் போட்டுக்கொள்வாளோ என்று அர்யெமோ தினமும் செத்துப் பிழைத்தாள்.

"மூக்கப் பிடிச்சுக்கிட்டுக் குடிச்சிரலாம்னா கையும் பின்னால. யோசிச்சுத்தான் வெச்சிருக்காங்கக்கா," என்றாள் சித்தி மகள் லாலாம். அர்யெமோவுக்குச் சிரிப்பு வரவில்லை.

கிடேகா எதிரே வந்து மண்டியிட்டான். கிளர்ச்சிக்காரர்களின் புதர்க்காட்டுப் படை அவனைப் பிடித்துக்கொண்டு போனபோது மீசைகூட முளைக்காதவன். அவள் தம்பி ஓஜாராவை அடித்துக் கொன்றது தான்தான் என்று போன மழைக்காலத்தில் பெரியவர்கள் முன்னால் முழுதாகச் சொல்லிவிட்டான்.

அவளும் மண்டியிட்டாள். கைகளைப் பின்னால் கொண்டுபோனாள். முதுகுக்குப் பின்னால் யாரோ கால் மாற்றி நின்றார்கள், சருகு நொறுங்கியது.

அன்றைக்கும் இப்படித்தான். முழங்காலில் நிற்கவைத்து, கையைப் பின்னால் கட்டி, தலையைக் குனியச் சொன்னார்கள். பக்கத்தில் ஓஜாரா. பின்னால் சருகுச் சத்தம்.

அவள் சட்டென்று எழுந்துவிட்டாள்.

கூட்டம் முணுமுணுத்தது. சடங்கை நடத்தும் ஒப்போகா பெரியவர் குடுவையைக் கீழே வைத்தார்.

"ஏம்மா, இன்னும் கோவம் ஆறலையா? ஆறலன்னா சொல்லிரு. மனசுல வெச்சுக்கிட்டுக் குடிச்சா இது விஷமாயிரும்."

அவள் தோளுக்கு மேலாகப் பின்னால் பார்த்துக்கொண்டாள்.

"ஆட்டை அறுத்தாச்சு. இப்ப வந்து இப்படிப் பண்ணுனா?" என்றது எதிர்ப்பக்கத்துக் குரல் ஒன்று.

"அவங்க கோவப்படல பெரியவரே," என்றான் கிடேகா. குனிந்த தலை நிமிரவில்லை. "அவங்களுக்குப் பின்னாடி ஆள் நிக்குது."

"அவ சொந்தக்காரங்கதானடா நிக்கிறாங்க?"

"யாரா இருந்தா என்ன. அன்னைக்குப் பின்னாடி நின்னவன் நான். எனக்குத் தெரியும்."

அர்யெமோ அவனை இப்போதுதான் நேராகப் பார்த்தாள். இத்தனை பேரில் அவள் பயம் தெரிந்தவன் இவன் ஒருவன்தானா?

பெரியவர் தாடையைத் தடவினார். "வம்சம் பின்னாடி நிக்கிறதுதான் முறை."

"முறை எங்கயும் ஓடிப்போகாது. நாங்க பக்கத்துல நிக்கிறோம்," என்று லாலாம் முதல் ஆளாக நகர்ந்தாள். ஒவ்வொருவராக எல்லாரும் ஓரமாகப் போனார்கள். அர்யெமோ திரும்பிப் பார்த்தாள். வெறும் புல்.

"குடிச்சதும் நீ மொதல்ல எந்திரிக்கா," என்றான் கிடேகா மெதுவாக. "நீ சொல்ற வரைக்கும் நான் குனிஞ்சே இருக்கேன்."

அவள் மண்டியிட்டாள். கைகள் பின்னால் போயின. குனிந்தாள். நெற்றியில் நெற்றி இடித்தது. அவனுடையது ஈரமாக இருந்தது, நடுங்கியது. எந்த நடுக்கம் யாருடையது என்று தெரியவில்லை. கசப்பு தொண்டையை அறுத்துக்கொண்டு இறங்கியது. கண்ணை மூட அவளுக்குத் துணிவு வரவில்லை.

அவள் முதலில் எழுந்தாள். பயம் போகவில்லை. கீழே, கைகளைப் பின்னால் சேர்த்துக்கொண்டு, கிடேகா குனிந்தபடியே இருந்தான். அவன் பிடரி வெறுமையாக அவள் முன்னால் தெரிந்தது. காத்திருந்த அவன் தோள்கள் உதறத் தொடங்கின.

"போதும்," என்றாள் அர்யெமோ. "எந்திரிப்பா."