உரலில் இடித்த மருந்து

என் மகன் ஜெரிசனுக்கு ஒன்பது வயது. ஒரு கோப்பைச் சோற்றை ஒரு மணித்தியாலம் வைத்துச் சாப்பிடுவான். வாய்க்கு வாய் தண்ணீர் குடிப்பான். சாப்பாட்டுக் கள்ளம் என்று ஏசினேன், இரண்டு தரம் அடித்தும் இருக்கிறேன். ஒருநாள் இறைச்சித் துண்டு நெஞ்சுக்குள் இறுகி, அவனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய பிறகுதான் தெரிந்தது, ஒவ்வாமையால் அவன் உணவுக்குழாய் வீங்கிக் கிடந்தது என்று.

டொக்டர் சிவகரன் ஒமெப்பிரசோல் எழுதித் தந்தார். என் மனுசன் கொலின்ஸ் நெஞ்செரிவுக்குப் போடுகிற அதே மருந்து. அமிலத்தைக் குறைப்பதோடு, சில பிள்ளைகளுக்கு இந்த வீக்கத்தையும் ஆற்றுமாம். மூன்று மாதம் ஒருநாள் தவறாமல் கொடுத்தேன். பிறகு வாய்வழியாகக் கமராக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். வீக்கம் கடுகளவும் குறையவில்லை.

"இனிப் பால், முட்டை, கோதுமை, மீன் எல்லாத்தையும் நிப்பாட்டிப் பாக்கவேண்டி வரும்," என்றார் டொக்டர்.

கடலுக்குப் போகிற கொலின்ஸ் நிலத்தைப் பார்த்தபடி நின்றார். குருநகரில் இருந்துகொண்டு மீன் கொடுக்காமல் ஒரு பிள்ளையை எப்படி வளர்ப்பது? எலும்பும் தோலுமாக இருக்கிறவனிடம் இன்னும் எதைப் பறிப்பது? எனக்குக் கோபம்தான் வந்தது. மருந்தின் மேல், டொக்டர் மேல், மாதாவின் மேலும்கூட.

"அதுக்கு முதல் ஒண்டு கேக்கிறன்," என்றார் டொக்டர். " மருந்தை எப்பிடிக் குடுக்கிறனீங்கள்?"

"குளிசைக் கூட்டைத் திறந்து, உள்ளுக்குக் கிடக்கிற மணியளை உரலிலை மாவா இடிச்சுத்தான் குடுக்கிறனான். தேத்தண்ணி வடியிலை அரிச்சும் போடுறனான்," என்றேன் பெருமையாக. ஒடுங்கின குழாயில் மணி சிக்கிவிடும் என்பது என் கணக்கு.

டொக்டர் பேனையை வைத்தார். "அம்மா, அந்த மணிக்கு மேலை ஒரு பூச்சு இருக்கு. இடிச்சால், குடலுக்குப் போக முன்னமே மருந்து வயித்திலை கெட்டுப்போயிடும். முதல் நாளே சொன்னனான். மருந்து தோற்கேல்லை. பிள்ளைக்கு அது இன்னும் ஒழுங்காப் போய்ச் சேரேல்லை."

அழ வேண்டிய இடத்தில் சிரித்துவிட்டேன். என் மடைத்தனத்துக்கு நானே சந்தோசப்பட்டது அதுதான் முதல் தடவை.

அதன்பிறகு தினமும் விடிய, சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முன், ஒரு கரண்டி பப்பாப்பழக் கூழில் மணிகளை அப்படியே தூவிக் கொடுத்தேன். "சப்பினியோ, தெரியும்!" என்று பக்கத்தில் காவல் நிற்பேன். மூன்று மாதத்தில் மறுபடி குழாய் விட்டார்கள். வீக்கம் வற்றியிருந்தது. மருந்தைத் தொடரவேண்டும். ஆனால் எந்தச் சாப்பாட்டையும் நிறுத்தத் தேவையில்லை என்றார் டொக்டர். கொலின்ஸ் ஆஸ்பத்திரி வாசலிலேயே சிலுவை போட்டுக்கொண்டார்.

அன்று மத்தியானம் பாரைமீன் குழம்பு. ஜெரிசன் கால் மணித்தியாலத்தில் கோப்பையை வழித்துவிட்டு இன்னும் கேட்டான்.

"அம்மா, எல்லாருக்கும் சாப்பாடு இப்பிடித்தானோ இறங்கிறது?"

"ஓம் ராசா."

"எல்லாருக்கும் நோகிறது, எனக்குத்தான் தாங்கேலாமல் கிடக்கு எண்டெல்லோ நினைச்சுக்கொண்டிருந்தனான்."

அவன் கோப்பையில் இன்னொரு துண்டு மீனை வைத்தேன்.