அரை பீட் முன்னால் வரும் ஈ ஃப்ளாட்

1

இந்தக் கதையை நான் ஒரு நோட்டீஸிலிருந்து எடுத்தேன். ஒரகடத்தில் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனி. கேன்டீனில் கை கழுவுகிற இடத்துக்கு மேலே ஒட்டியிருந்தார்கள்: "குடும்ப தின மேடை நிகழ்ச்சிகளில் நிரந்தரப் பணியாளர்கள் மட்டுமே பங்கேற்கலாம்." படித்ததும் எரிச்சல் வந்தது. கட்டுரையாக எழுதிக் கொட்டியிருக்கலாம்தான். நாலு பேர் லைக் போட்டுவிட்டு டீ குடிக்கப் போயிருப்பார்கள். அதனால் ஒருத்தியை நிற்கவைத்து அவள் கையில் ஒரு கிட்டாரைக் கொடுத்தேன்.

முதல் வரி உடனே வரவில்லை.

"பிரஸ் ஷாப்பின் சத்தத்தில் பூஜா தாளத்தைக் கேட்டாள்." பொய். அந்தச் சத்தத்தில் யாருக்கும் தாளம் கேட்காது. காதுதான் போகும்.

"சிறு வயதிலிருந்தே பூஜாவின் மூச்செல்லாம் இசையாக—" தூ.

"பூஜாவுக்குப் பதினாறு பார் கிடைத்தது." இது நிற்கிறது. இதைப் பிடித்துக்கொண்டு போகிறேன்.

2

பூஜாவுக்குப் பதினாறு பார் கிடைத்தது. ஒரு பாருக்கு நாலு தட்டு. மொத்தம் அரை நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேலே. குடும்ப தின மேடைப் பாட்டில் அந்த நேரம் முழுக்க அவள் ஒருத்தி மட்டும் சோலோ வாசிக்கலாம்.

குவாலிட்டி டிபார்ட்மெண்டில் இன்ஜினியர் அவள். வீட்டில் முதல் டிகிரி. கிட்டாரை போன் பார்த்துக் கற்றுக்கொண்டாள். பாட்டு போட்டது டிசைனில் இருக்கும் கேசவ். ஸ்ரீபெரும்புதூரில் கோயில் பக்கத்து வீடு, கீபோர்டு வாசிப்பான். கார்டு என்கிற ஜாஸ் சுரக் கூட்டுகளையும் ராக் தாளத்தையும் கலந்து ஃப்யூஷனாக ஒன்று செய்து "செகண்ட் ஷிஃப்ட்" என்று பேர் வைத்திருந்தான். டிரம்ஸ் அவன் லேப்டாப்பிலிருந்து வரும். பேஸ் கிட்டார் இசக்கி. அசெம்பிளி லைனில் டிரெய்னி, கோவில்பட்டிப் பக்கம், ஊரில் சர்ச் கொயரில் வாசிக்க ஆள் கிடைக்காமல் இவனைப் பிடித்துப் பழக்கிவிட்டார்கள்.

முதல் ஷிஃப்ட் முடிந்ததும் டிரெய்னிங் ரூமில் பிராக்டிஸ்.

"ரொம்ப சிம்பிள் பூஜா," என்றான் கேசவ். "மொத எட்டு பார் டி மைனர், கரகரப்பிரியான்னு வெச்சுக்கோ. அடுத்த எட்டு ஈ ஃப்ளாட் மேஜர். அங்க தோடி ஆயிடும். ரியும் தாவும் எறங்கறது, அவ்ளோதான்."

"ராகம் பேரெல்லாம் எனக்குத் தெரியாது. ஃப்ரெட் நம்பர் சொல்லு."

"அப்டி இல்ல, காதால கேட்டு—"

"காது அப்புறமா வரும். மொதல்ல நம்பர்."

சொன்னான். இரண்டு ஸ்கேலுக்கும் ஏழு ஏழு சுரம். அதில் ஐந்து பொது. மீதி இரண்டும் கார்ட் மாறும்போது ஒரு ஃப்ரெட் (கிட்டார் கழுத்தில் ஒரு கட்டம்) பின்னால் போக வேண்டும்: மூன்றாம் கம்பியில் நாலு மூணாகும், இரண்டாம் கம்பியில் அஞ்சு நாலாகும். "பயமா இருந்தா அந்த அஞ்சு சுரத்தையே சுத்திச் சுத்தி வாசி. சுத்த தன்யாசி. எங்கயும் மாட்டாது," என்றான்.

பயம் என்று சொன்னதில் பூஜாவுக்குச் சூடு ஏறிவிட்டது. வீட்டுக்குப் போய்ப் பதினாறு கட்டம் போட்டு, எந்த பாரில் எந்தச் சுரம் ஓகே, எது என்ஜி என்று சார்ட் எழுதி, லேமினேட் செய்து கொண்டுவந்தாள். (என்ஜி என்றால் கழித்துக்கட்டிய பீஸ். கம்பெனியில் அதற்குச் சிவப்புத் தொட்டி உண்டு. பார்ட்டுக்குப் போடுகிற சார்ட்டைப் பாட்டுக்குப் போட்டவள் இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.) அதைப் பார்த்து வாசித்தாள். ஒரு சுரம் தப்பவில்லை.

இசக்கி பேஸைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

"இன்னா, நல்லா இல்லியா?"

"எல்லாம் சரியாத்தான் இருக்கு, மேடம்."

"இன்னாத்துக்கு இங்க மேடம்? லைன்ல கூப்புடு, போதும். எனக்குப் பேர் வெச்சிகிறாங்க."

"சரி... பூஜா. நீங்க இன்ஸ்பெக்‌ஷன் பண்ணுத மாதிரி இருக்கு. ஒவ்வொரு சுரத்தையும் எடுத்துப் பாத்துட்டு கீழ வைக்கிய."

கேசவ் சிரித்தான். பூஜா சிரிக்கவில்லை.

"ஒண்ணு செய்யுங்க. எட்டாவது பார் முடியையில ரெண்டாங் கம்பி அஞ்சுல அந்த ஈ சுரத்தப் புடிச்சுக்கிட்டு நில்லுங்க. நான் அடியில ஈ ஃப்ளாட் போடுதேன். ரெண்டும் ஒட்டாமக் கடிக்கும். கடிச்சதும் நீங்க ஒரு ஃப்ரெட் எறங்குங்க."

"கடிக்கிற நேரத்துல அது என்ஜி."

"எறங்கிட்டா ரீவொர்க், சரியாயிருமுல்லா?"

இப்போது சிரித்தாள்.

வாசித்தார்கள். கடித்தது, இறங்கினாள். அந்த இறக்கத்தில் அவள் வயிற்றுக்குள்ளும் ஏதோ ஒன்று ஒரு படி இறங்கியது. [இந்த வரியை மூன்று தரம் அடித்தேன். மூன்று தரமும் திரும்ப எழுதினேன்.]

ஒரே ஒரு சிக்கல். பூஜாவுக்கு எட்டு பார் எண்ணத் தெரியும், ஆனால் இசக்கியைப் பார்த்தால் எண்ணிக்கை ஆறிலேயே விட்டுப்போகும். அவனும் அதைக் கவனித்துவிட்டான். மறுநாளிலிருந்து ஈ ஃப்ளாட்டை அரை பீட் முன்னாலேயே போட ஆரம்பித்தான், இதோ வருகிறது என்று அவளுக்கு மட்டும் தெரிகிற மாதிரி.

3

நோட்டீஸ் வந்தது.

எச்.ஆர். நரசிம்மனை முதலில் வில்லனாக எழுதினேன். குரலில் எண்ணெய், விரலில் மூன்று மோதிரம். வசதியாகத்தான் இருந்தது. பிறகு மோதிரங்களைக் கழற்றிவிட்டேன். அவரும் ஆறு வருஷம் கான்ட்ராக்டில் இருந்துதான் மேலே வந்தார் என்று வைத்தேன். இப்போது அவர் மேல் கோபம் இன்னும் அதிகமாக வருகிறது, அதற்கு நான் என்ன செய்ய?

"ரூல் நான் போடலம்மா. டிரெய்னியை மேடை ஏத்தினா, நாளைக்கு அவனும் எம்ப்ளாயின்னு கேஸ் போடுவான்னு மேல பயப்படறாங்க. டிரம்ஸ் லேப்டாப்லதானே வருது? பேஸையும் அதுலயே போட்டுடுங்க."

"அவன் இல்லன்னா நானும் இல்ல, சார்."

பெருமையோடு வந்து இசக்கியிடம் சொன்னாள். அவன் முகம் சுண்டிப்போனது.

"யாரு கேட்டா உங்கள்ட்ட? நீங்க சண்ட போட்டுட்டு குவாலிட்டிக்குப் போயிருவிய. எனக்கு இந்த மாசத்தோட மூணு வருசம் முடியுது. எக்ஸ்பீரியன்ஸ் சர்ட்டிபிகேட்ல அவருதான் கையெழுத்துப் போடணும். அத வச்சுத்தான் ஓசூர்ல வேலைக்கு நிக்கணும்."

"அப்ப கம்முனு போய் வாசிக்கச் சொல்றியா?"

"ஆமா. கிடைச்ச பதினாறு பார விட்டுட்டு நின்னியன்னா எனக்கு வயிறு எரியும். என் பேஸ நான் ரெக்கார்ட் பண்ணித் தாரேன்."

அவன் போன பிறகு அவளுக்குத் தன் மேலேயே ஆத்திரம். அவனுக்காக என்று நினைத்து விட்டெறியப் பார்த்தது அவனுக்கு வேண்டிய கையெழுத்தை. (இந்த இடத்தில் அவளுக்கு ஆறுதலாக ஒரு வரி எழுதலாம். எழுத மாட்டேன். யோசிக்கட்டும்.)

4

ரெக்கார்டிங் வந்தது. கேசவ் லேப்டாப்பில் திறந்தான். திரையில் இசக்கியின் ஈ ஃப்ளாட், ஒன்பதாவது பார் தொடங்கும் கோட்டுக்கு முன்னாலேயே மூக்கை நீட்டிக்கொண்டு நின்றது.

"அடடா, இங்க முன்னாடி வந்துட்டான். ஒரு க்ளிக், தள்ளிடறேன்."

"தொடாத."

"தப்பா இருக்கு பூஜா. நீயே பாரு."

"தெரியும்."

இப்படி விலகி நிற்பதைக் கண்டுபிடித்துச் சிவப்பு டேக் கட்டுவதுதான் அவள் வேலை. அதற்குத்தான் சம்பளம். தனியறையில் உட்கார்ந்து, பக்கத்தில் அவள் இல்லாமல், அவள் எண்ணிக்கை எங்கே விடும் என்று ஒருத்தன் நினைத்து வாசித்திருக்கிறான். அவள் இசக்கிக்குப் போன் போட்டாள்.

"ஐயோ, பழக்கத்துல வந்துட்டு. சரி பண்ணச் சொல்லுங்க."

"கம்முனு கெட," என்று வைத்துவிட்டாள். வைத்த பிறகுதான் கண்ணில் தண்ணீர்.

கேசவ் ஃபைலை அப்படியே சேவ் செய்து மூடினான். (அவனை நான் சந்தேகப்பட்டுக்கொண்டே எழுதினேன். இந்த இடத்தில் என்னைத் தோற்கடித்துவிட்டான்.)

5

குடும்ப தினம். பிற்பகல் மூன்று மணி. பஸ் நிற்கும் இடத்தில் ஷாமியானா, பிளாஸ்டிக் நாற்காலிகள், பலூன் கேட்டு அழும் பிள்ளைகள். டிரெய்னிகளுக்கெல்லாம் மஞ்சள் டி-ஷர்ட் கொடுத்து வாலண்டியர் என்று அச்சடித்திருந்தார்கள். இசக்கி மோர்த் தட்டோடு வரிசைகளுக்கு நடுவே.

மேடையில் "செகண்ட் ஷிஃப்ட்" தொடங்கிவிட்டது. இனி முடிக்க வேண்டும். முடிவுகள் இருக்கின்றன என்னிடம்.

அ) பூஜா பாதியில் நிறுத்தி, மைக்கில் இசக்கியை மேடைக்கு அழைக்கிறாள். கூட்டம் எழுந்து கை தட்டுகிறது. இதை என் தோழி படித்துவிட்டு அழுதாள். எனக்கு அவன் சர்ட்டிபிகேட்தான் கண்ணில் நின்றது. அடுத்தவன் சோற்றை வைத்து நான் கைதட்டல் வாங்க மாட்டேன்.

ஆ) பூஜா பொதுவான ஐந்து சுரத்துக்குள்ளேயே சுற்றி வந்துவிடுகிறாள். எங்கேயும் இடிக்காது, இனிமையாகவும் இருக்கும். நிஜத்தில் பெரும்பாலும் இதுதான் நடக்கும். எனக்கு ஆகாது.

இ) இதை மட்டும் எழுதிப் பார்க்கிறேன். முதல் ஏழு பாரும் அவள் நன்றாகவே வாசித்தாள். சார்ட் கொண்டுவரவில்லை. சின்னச் சின்னதாகச் சொல்லி, மூச்சு விட்டு, மறுபடி சொன்னாள். எட்டாவது பாரில் இரண்டாம் கம்பி, ஐந்தாம் ஃப்ரெட். ஈயைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஸ்பீக்கரில் இசக்கியின் ஈ ஃப்ளாட், அரை பீட் முன்னால், வந்தது.

கடித்தது. முன்வரிசையில் ஒரு அம்மா முகத்தைச் சுளித்தார். நரசிம்மன் லேப்டாப்பைத் திரும்பிப் பார்த்தார்.

பூஜா இறங்கவில்லை.

மறந்துவிட்டாளா என்றால் இல்லை. எப்போது இறங்க வேண்டும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். கம்பியை இன்னும் அழுத்தினாள். இரண்டு சுரமும் ஒன்றை ஒன்று விடாமல் அந்த ஷாமியானா முழுக்க நின்றன, ஒன்று அவளுடையது, இன்னொன்று மேடை ஏற அனுமதி இல்லாதவனுடையது. ஒன்பதாவது பார் பாதி போய்விட்டது. கேசவ் கீபோர்டிலிருந்து தலையை நிமிர்த்தினான்.

நாலாவது வரிசையில் இசக்கி அவளுக்கு முதுகு காட்டி நிற்கிறான். தட்டில் இன்னும் மூன்று டம்ளர். அவன் திரும்பும்வரை விரலை எடுப்பதில்லை என்று அவள் முடிவு செய்துவிட்டாள். என்னைக் கேட்கவில்லை.

நான் எழுதுவதை நிறுத்திக்கொள்கிறேன். அவனைத் திருப்பினால் ஒரு சூப்பர்வைசர் "வேலையைப் பாருப்பா" என்பார், எனக்குத் தெரியும். திருப்பாவிட்டால் அவள் விரல் எவ்வளவு நேரம் தாங்கும்? நீங்கள் அந்த நாலாவது வரிசையில்தான் இருக்கிறீர்கள், அவனுக்கு நேர் எதிரே. அவன் குனிந்து உங்களிடம்தான் மோரை நீட்டுகிறான்.