பழைய பிளேயரில் ஓடாத டிஸ்க்

டி.வி. திரை மறுபடியும் 'நோ டிஸ்க்' என்றது.

அன்புச்செல்வன் பிளேயரைத் திறந்து டிஸ்க்கை எடுத்தான். வேட்டி முனையால் துடைத்தான். வாசல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துவிட்டுத் திரும்பவும் போட்டான். பிளேயர் உள்ளே எதையோ மென்று பார்த்தது. ருசிக்கவில்லை போல, அதையே சொன்னது.

"வெறும் டிஸ்க்கு" என்றான், தன் அம்மாவைப் பார்த்து.

அன்றைக்கு பிரபாவுக்கு வருஷப் படையல். கம்மாபுரத்தில் அவள் பிறந்த வீட்டில் காலையிலேயே முடித்துவிட்டிருந்தார்கள். அவள் கணவன் கார்முகிலை அதற்குக் கூப்பிடவில்லை. "கல்யாண டிஸ்க்க எடுத்துக்கிட்டு மத்தியானமா வா. அம்மா பாக்கணுங்குது" என்று மச்சான் அன்புச்செல்வன் போனில் சொன்னதோடு சரி. முன்பெல்லாம் 'வாங்க மாப்ள' என்பான். விருத்தாசலத்திலிருந்து பைக்கில் வந்தவனுக்கு ஒரு நாற்காலி போட்டார்கள். சாப்பிட்டாயா என்று யாரும் கேட்கவில்லை.

"வெறும் டிஸ்க்கு இல்ல மச்சான். இது புளூ ரே. இந்த பிளேயர்ல ஓடாது."

"ஏன் ஓடாது? நேத்துகூட ஓடிச்சி."

"பிளேயர் நல்லாத்தான் இருக்குது. பழசு. அவ்வளவுதான்."

அன்புச்செல்வன் பிளேயரைத் தூக்கி அதன் நெற்றியில் ஒட்டியிருந்த வெள்ளி ஸ்டிக்கரை அவன் மூக்குக்கு நேராகக் காட்டினான். "இன்னா போட்டிருக்குது? படி. காலேஜ் படிச்சவன்தான?"

'ஃபுல் எச்.டி. 1080' என்று போட்டிருந்தது.

"அது வேற. சாதா டி.வி.டி.ய இழுத்துப் பெருசாக்கிக் காட்டும்னு அர்த்தம். இந்த டிஸ்க்குல எழுதியிருக்கறது ரொம்பப் பொடிசு. இந்த பிளேயரோட லேசர் வெளிச்சத்துக்கு அது அகப்படாது."

ஈசி சேரில் கிடந்த மாமனார் ராஜமாணிக்கம் கண்ணைத் திறக்காமல் பேசினார். கார்முகிலோடு அவர் நேராகப் பேசி ஒரு வருடமாகிறது. "அவுருகிட்ட கேளு அன்பு. பிளேயருக்குக் கண்ணு தெரியலன்னா வேப்பூர் சந்தையில ஒரு கண்ணாடி வாங்கி மாட்டலாமான்னு கேளு."

யாரோ ஒரு பங்காளி சிரித்தார். மாமியார் அம்புஜவல்லி சிரிக்கவில்லை. அவள் இன்னமும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எம் பொண்ண உசுரோட காட்டல" என்றாள். "இப்பப் படத்துலயும் காட்ட மாட்டேங்கறான்."

போன வருஷம் ஒரு நாள், விருத்தாசலம் வீட்டுச் சமையலறையில் நின்றுகொண்டிருந்த பிரபா தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். மூளையில் ரத்தக் கசிவு என்றார்கள். பாண்டிச்சேரிக்கு ஆம்புலன்ஸில் ஏற்றினான். போய்ச் சேர்ந்து நல்ல சேதியாகச் சொல்லலாம் என்று வழியெல்லாம் போனைக் கையில் வைத்திருந்தான். சொன்னபோது எல்லாம் முடிந்திருந்தது. பெற்றவர்கள் வந்து பார்த்தது துணி மூடிய உடம்பைத்தான்.

டிஸ்க்கும் அவன் பிடிவாதத்தில் வந்ததுதான். கல்யாணத்துக்குப் படம் எடுத்த ஸ்டூடியோக்காரர் சாதா டி.வி.டி.யிலேயே தருகிறேன் என்றார். கார்முகில்தான் புளூ ரே கேட்டு வாங்கினான். அதைப் பார்ப்பதற்கென்றே ஒரு பிளேயரும் வாங்கினான். பெண் வீட்டுக்கு ஆல்பம் போயிற்று. பிறகு ஸ்டூடியோ மூடிவிட்டது. உலகத்தில் பிரபா நடப்பதும் பேசுவதும் இந்த ஒரு டிஸ்க்கில்தான் இருந்தது.

இவர்களிடம் இருப்பது பழைய பிளேயர் என்று அவனுக்கு முன்பே தெரியும். போனிலேயே சொல்லியிருக்கலாம். அவள் போனதிலிருந்து அந்த டிஸ்க்கை அவன் தொடவில்லை. அலமாரியில் அது இருப்பதே உறுத்தியது. எப்படியாவது அது வீட்டை விட்டுப் போனால் போதும் என்று எடுத்து வந்தான்.

"டிஸ்க்கு இங்கியே இருக்கட்டும்" என்றான் அன்புச்செல்வன். "தெருவுல நாலு வூட்டுல பிளேயர் இருக்குது. எல்லாத்துலயும் போட்டுப் பாக்கறேன். ஓடலன்னா வச்சிக்கிறேன் ஒனக்கு."

"வச்சிக்குங்க" என்று எழுந்தான் கார்முகில்.

ஓடவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, செராமிக் எஸ்டேட் பின்னால் இருக்கும் கார்முகில் வீட்டு வாசலில் அன்புச்செல்வனின் பைக் வந்து நின்றது. பின்னால் அம்புஜவல்லி, மடியில் மஞ்சள் பையோடு.

கார்முகில் ஃப்யூஸ் கட்டைகள் செய்யும் ஒரு பீங்கான் கம்பெனியில் தரம் பார்க்கும் வேலையில் இருந்தான். சூளையிலிருந்து வருவதை ஒவ்வொன்றாகத் திருப்பி, முடி போன்ற விரிசல் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் நாள் முழுக்க. ஞாயிறு லீவு. கைலியோடு கதவைத் திறந்தான்.

"உள்ள வாங்க அத்தை. தண்ணி…"

"தண்ணி குடிக்க வரல" என்றான் அன்புச்செல்வன். "பஸ் ஸ்டாண்டு பக்கத்துல பரக்கத்துல்லா பாய் கடையில அம்மாவயும் கூட்டிக்கிட்டுப் போயி காட்டுனேன். 'அண்ணே, இதப் படிக்கறதுக்கு வேற பிளேயர் வேணும், எங்கிட்ட இல்ல, ஊருலயே எவங்கிட்டயும் இருக்காது'ன்னு சிரிக்கிறாரு. நீயும் அவுரும் கூட்டா?"

"எங்கிட்ட இருக்குது."

"அதான வந்தோம். போட்டுக் காட்டு. வெறும் டிஸ்க்கா இருந்துதுன்னு வையி, இந்த வூட்டுலயே ஒன்ன ஒடைச்சிப் போட்டுட்டுப் போறேன்."

அம்புஜவல்லி வாசற்படிக்கு உட்பக்கம் தரையில் உட்கார்ந்தாள். நாற்காலியை அவன் நகர்த்திப் போட்டான். அவள் பார்க்கவில்லை. பையிலிருந்து தன் தண்ணீர் பாட்டிலை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். பகையான வீட்டில் கை நனைப்பதில்லை என்று முடிவோடு வந்திருந்தாள்.

பிளேயர் மீது வெள்ளைத் தூசி படிந்திருந்தது. துண்டால் தட்டிவிட்டு ஒயரைச் சொருகினான். அன்புச்செல்வன் பைக்குள் கைவிட்டு வேறொரு டிஸ்க்கை எடுத்தான்.

"மொதல்ல எங்களுது. சித்தப்பா மவன் கல்யாணம். ஒன் பிளேயரு ஒழுங்கா இல்லியான்னு பாப்பம்."

அது சாதா டி.வி.டி. போட்டதும் ஓடியது. நாயனம் பிய்த்துக்கொண்டு கிளம்பியது.

"புது பிளேயர்ல பழசு ஓடும்" என்றான் கார்முகில். "பழசுலதான் புதுசு ஓடாது."

அன்புச்செல்வன் கையைத் தட்டினான். "கேட்டுக்கம்மா. எங்களுது ஒங்ககிட்ட ஓடும். ஒங்களுது எங்ககிட்ட ஓடாது. மிஷின் செஞ்சவன்கூட மாப்ள வூட்டுக்காரனாத்தான் இருப்பான்."

கார்முகில் அதை எடுத்துவிட்டுத் தன் டிஸ்க்கைப் போட்டான். பொத்தானை அழுத்திவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டான். அடுப்பில் ஒன்றும் இல்லை. சும்மா நின்றான்.

நாயனம், தவில், யாரோ யாரையோ கூப்பிடும் சத்தம். பிறகு அவள் குரல்.

"எத்தன தடவண்ணா? அரிசியே தீந்துடும்போல இருக்குது."

படத்தில் சரியாக விழவில்லை என்று கேமராக்காரன் அட்சதையைத் திரும்பத் திரும்பப் போடச் சொன்னபோது அவள் கடுகடுத்தது. கார்முகிலுக்கு அந்த இடம் தெரியும். அடுத்து சிரிப்பாள். சிரித்தாள்.

கூடத்தை எட்டிப் பார்த்தான். அன்புச்செல்வன் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றிருந்தான். அம்புஜவல்லி தரையில் தவழ்ந்து டி.வி.க்கு ஒரு முழத்தில் வந்து உட்கார்ந்திருந்தாள். படம் அவ்வளவு துல்லியம். நெற்றியோரத்துப் பூனை முடி ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. தாடையில் சின்ன வயதில் பட்ட தழும்பின்மேல் பவுடர் நிற்காமல் வெடித்திருந்தது தெரிந்தது.

"காதுல தோடு திருகு கழண்டிருக்குது" என்றாள் அம்புஜவல்லி. "மேடை முழுக்க மாப்ள வூட்டு சனம். ஒருத்திக்காவது கண்ணு இருந்துதா?"

படம் முடிந்ததும் அன்புச்செல்வன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு பிளேயரின் ஒயரைப் பிடுங்கினான். "இதையும் எடுத்துக்கறோம்."

கார்முகில் எப்படி அங்கே வந்தான் என்று அவனுக்கே தெரியாது. இரண்டு கையையும் பிளேயர்மேல் வைத்து அழுத்தியிருந்தான்.

"டிஸ்க்க எடுத்துக்கிட்டுப் போங்க. இதத் தொடாதீங்க."

"டிஸ்க்கு இல்லாம இத வச்சி இன்னா பண்ணுவ? கோழிய போட்டு மூடுவியா?"

"பிளேயர் இல்லாம டிஸ்க்க வச்சி நீங்க இன்னா பண்ணுவீங்க?"

"கைய எடு."

"எடுக்க மாட்டேன்."

ஒரு வருடமாக எதற்கும் அவன் குரல் உயர்ந்ததில்லை. சீர் பாத்திரங்களைத் திருப்பிக் கேட்டபோது அள்ளிக் கொடுத்தான். புடவைகளைக் கேட்டபோது பீரோ சாவியைக் கொடுத்தான். இப்போது பிளேயரை இன்னும் இறுக்கிக்கொண்டான். அன்புச்செல்வன் அவன் சட்டையில்லாத தோளைப் பிடித்துத் தள்ளினான். முதுகு சுவரில் மோதியது. பிளேயர் அவன் வயிற்றோடு வந்தது. விடவில்லை.

"உடு அன்பு" என்றாள் அம்புஜவல்லி. "டிஸ்க்க எடு. போவலாம்."

டிஸ்க்கை முந்தானையில் சுற்றிப் பையில் வைத்தாள். பாட்டிலை எடுத்துக்கொண்டாள். போயிட்டு வரேன் என்று சொல்லவில்லை.

இப்படியாக டிஸ்க் கம்மாபுரத்திலும் பிளேயர் விருத்தாசலத்திலும் ஆயின. ஒன்றில்லாமல் ஒன்று குப்பை.

இரண்டு வாரம் கழித்து அம்புஜவல்லி பஸ்ஸில் தனியாக வந்தாள். கதவு திறந்திருந்தது. வந்த இடத்தில் உட்கார்ந்து பையைப் பிரித்து டிஸ்க்கை நீட்டினாள். "போடு."

போட்டுவிட்டுச் சமையலறைப் பக்கம் திரும்பினான்.

"எங்க ஓடற?" என்றாள், திரையைப் பார்த்தபடி. "இங்க ஒக்காரு."

உட்கார்ந்தான். அவள் தன் பாட்டில் தண்ணீரைக் குடித்தாள். படம் முடிகிற வரை திட்டினாள். மாலையில் பூ வாடியிருக்கிறது. ஒங்கம்மா எம் பொண்ணு புடவைய மிதிக்கிறா பாரு. இவன் தாலி கட்டறானா, மாட்டக் கட்டறானா. முடிந்ததும் டிஸ்க்கை வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள்.

அதன்பின் ஞாயிற்றுக்கிழமைகளில் வரத் தொடங்கினாள். மழையிலும் வந்தாள். ஒரு தடவையும் அவன் வீட்டுத் தண்ணீரைத் தொட்டதில்லை, அவன் பெயரைச் சொன்னதில்லை. டிஸ்க்கை விட்டுவிட்டுப் போனதும் இல்லை. அவனும் பிளேயரை எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னதில்லை. ஒவ்வொரு தடவையும் பக்கத்தில் உட்கார வைத்தாள். ஒவ்வொரு தடவையும் பிரபா கடுகடுத்தாள், சிரித்தாள். அவன் முகத்தை அம்புஜவல்லி ஓரக்கண்ணால் பார்ப்பது அவனுக்குத் தெரியும். எதைத் தேடுகிறாள் என்றும் தெரியும். அவன் அழுது அவள் பார்த்ததில்லை. சுடுகாட்டுக்குத் தூக்கியபோதும் அழவில்லை.

ஆடி மாதம் ஒரு ஞாயிறு அன்புச்செல்வனும் கூட வந்தான். துணிப்பையிலிருந்து ஒரு தட்டையான கறுப்புப் பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்தான்.

"பாய் மவன் சஹீர் துபாய்லேர்ந்து வாங்கியாந்தது. கம்ப்யூட்டர்ல சொருவி, டிஸ்க்குல இருக்கறத அப்பிடியே பென் டிரைவ்ல ஏத்திக்கலாமாம். எங்க புது டி.வி. பின்னால குத்துனா ஓடுமாம். பிளேயரே வேணாமாம்." கார்முகிலைப் பார்த்தான். "ஒனக்குத் தெரியாதா இது?"

"தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"மொதல்லேர்ந்து."

அன்புச்செல்வன் அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்தான். "தெரிஞ்சிக்கிட்டேவா எங்கம்மாவ வாரா வாரம் பஸ்ஸுல அலைய உட்ட? முட்டி வலிக்காரிடா அது. ஒரு வார்த்த சொன்னா ஒன் வாயி வெந்துடுமா?"

"எனக்குந்தான் தெரியும்" என்றாள் அம்புஜவல்லி.

அன்புச்செல்வனின் பிடி தளர்ந்தது. "ஒனக்கு எப்பிடி?"

"பாய் அன்னிக்கே சொன்னாரு, நீ ரோட்டுல நின்னு போன்ல பேசிக்கிட்டிருந்தப்ப. காப்பி எடுத்துக்கலாம், சாமான் கெடைச்சா சொல்றேன்னாரு."

"பின்ன ஏம்மா இங்க வர?"

"நான் வந்து போட்டாத்தான இவன் பாக்கறான்? இல்லன்னா அடுப்பாங்கரையில போயி ஒளிஞ்சிக்குவான். நான் வூட்டுல கெடந்து தெனம் சாவறேன். இவன் கல்லாட்டம் வேலைக்குப் போறான், வரான். பாக்கட்டும். பாத்துப் பாத்து நோவட்டும்."

அவள் பையைப் பிரித்து டிஸ்க்கை நீட்டினாள்.

"அந்தப் பொட்டிய எடுத்துக்கிட்டு நீ போ அன்பு. நான் பஸ்ஸுல வந்துக்கறேன்."

அன்புச்செல்வன் போகவில்லை. பெட்டியைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தான். கார்முகில் டிஸ்க்கைப் போட்டுவிட்டு வழக்கமான இடத்துக்கு வந்தான். நாயனம் கிளம்பியது. மேலே மின்விசிறி கடகடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

"ஃபேன நிறுத்து" என்றாள் அவள். "அவ பேசறது கேக்கல."

நிறுத்தினான். அறை புழுங்கியது.

"எத்தன தடவண்ணா?" என்றாள் பிரபா.

கார்முகில் வாயைப் பொத்தினான். விரலிடுக்கில் சத்தம் வந்துவிட்டது. அம்புஜவல்லி அவன் பக்கம் நன்றாகவே திரும்பி, ஒளிவுமறைவில்லாமல், அவன் அழுவதைக் கடைசி வரை பார்த்தாள். பிறகு திரைக்குத் திரும்பினாள்.

"மொதல்லேர்ந்து போடு" என்றாள்.